மடைமுறைக்காகக் காத்திருந்த நான்கு நாட்கள்

சென்ற ஆண்டு புரட்டாசியில், மகளுடைய காலாண்டு விடுமுறையை ஒட்டி, ஆனைமலை ஊருக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் நான்கு இரவுகள் தங்கினோம். நான், மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்து இப்போது தாம்பரத்தில் எங்களோடு வசிக்கும் அம்மா என நால்வர். அதற்கு முந்தைய ஆண்டும் 'பண்ணை வீடு' என்ற பெயரை நம்பி வேறோர் இடத்திற்குப் போயிருந்தோம். அங்கே வெட்டிவிட்ட புல்வெளியும் நீச்சல் குளமும் சிமெண்டில் செய்த ஒரு காளையும் இருந்தனவே தவிர, பண்ணை இல்லை. ஆகவே இம்முறை தொலைபேசியில் நான் கேட்ட முதல் கேள்வி, தோட்டத்தில் என்ன விளைகிறது என்பதுதான். "தென்னைதானுங்க. ஊடால சாதிக்காயும் கோகோவும் வெச்சிருக்கறமுங்க. வெள்ளை ஈ வந்து பாதி மரம் கருத்துக் கெடக்குது, அதையும் சொல்லிப்போடறேன்" என்று பதில் வந்தது. குறையையும் சேர்த்துச் சொன்ன அந்தக் குரலை நம்பி முன்பணம் அனுப்பிவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஆனைமலை. திங்கட்கிழமை மாலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேற்கிலிருந்து நல்ல காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் இந்தக் காற்றுக்கும் அது சுமந்து வரும் ஈரத்திற்கும் இந்தப் பகுதியின் பசுமையில் பெரும் பங்கு உண்டு. தோட்டத்துக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பழைய ஓட்டுச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அவரும் அவருடைய மனைவியும் இருக்கிறார்கள். அதை ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகள் விருந்தினர்களுக்கு. கட்டுத்தறியில் மூன்று மாடுகள், களத்தில் காய்ந்துகொண்டிருக்கும் கொப்பரை, மட்டை அடுக்கிய குவியல், அதன் மேல் ஒரு பூனை. அவர் சொன்னதுபோலவே பல மரங்களின் கீழ்மட்டைகள் கரி பூசியதுபோல் இருந்தன. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 2016-ல் இந்தப் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான். அந்த ஈ சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரின் மேல் கரும்பூசணம் படர்வதால்தான் ஓலை கருக்கிறது என்று அவர் விளக்கியபோது, மகள் ஓர் ஓலையைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கறுத்த விரலை எல்லாரிடமும் காட்டினாள்.

அம்மாவின் கண் தென்னையில் நிற்கவில்லை. தோப்பின் ஓரத்தில் போகும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. தோப்புக்குள் பிரியும் மடை மட்டும் மண் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. ஏன் இப்படித் தண்ணீரை விட்டுவிடுகிறீர்கள் என்று அவர் கேட்க, "எங்க மொறை வெள்ளிக்கெழமைதானுங்க அம்மா. அன்னிக்கு வரைக்கும் கீழ்த் தோட்டத்துக்காரங்க தண்ணி" என்றார் தோட்டத்துக்காரர். காவிரியின் கடைமடைச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு இது உடனே விளங்கியது. வெள்ளிக்கிழமை மடை திறப்பதைப் பார்க்காமல் ஊருக்குக் கிளம்பக் கூடாது என்று அங்கேயே அறிவித்துவிட்டார். நான் வரும்போதே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன்: டாப்சிலிப், பரம்பிக்குளம், வால்பாறை, திருமூர்த்திமலை என்று நாளுக்கு ஒன்று. அந்தப் பட்டியலுக்கு அதுவரை இல்லாத ஓர் இழை அன்று மாலை கிடைத்தது. இந்த வாய்க்கால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

செவ்வாய்க்கிழமை நெடுந்தொலைவு போகவில்லை. முதல் நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்து வந்த அம்மாவின் முழங்காலுக்கு ஓய்வு தேவைப்பட்டது. விடியற்காலையில் நானும் மகளும் மட்டும் தோட்டத்துக்காரரோடு பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தோம். செவ்வாயும் வியாழனும் கூடும் சந்தை இது; இங்கிருந்து கேரளத்திற்குப் போகும் மாடுகளே மிகுதி. விற்பவரும் வாங்குபவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசுவதை மகள் வாய் பிளந்து பார்த்தாள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. இருவரின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். திரும்பி வந்ததிலிருந்து ஊருக்குக் கிளம்பும் வரை அவள் மிட்டாய்க்கான பேரத்தைக்கூடத் துண்டுக்கடியில்தான் நடத்தினாள்.

பிற்பகலில் ஆனைமலை மாசாணியம்மன் கோயில். அம்மன் மல்லாந்து படுத்த கோலத்தில் இருப்பதும், வஞ்சிக்கப்பட்டவர்கள் நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுவதும் பலர் அறிந்தவை. அரைக்கும் கல்லைத் தாண்டும்போது, நமக்கும் அரைப்பதற்கு ஆள் இருக்கிறார்களா என்று மனைவி விளையாட்டாகக் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. "அந்த அளவுக்கு யாரும் நமக்குக் கெடுதல் செய்யலை, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஆழியாற்றங்கரையில் சிறிது நேரம் நின்றோம். ஆழியாறு அணை கட்டப்படுவதற்கு வெகு காலம் முன்பே இந்த ஆற்றில் அணைக்கட்டுகள் இருந்தன. பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்னும் ஐந்து வாய்க்கால்களும் 6,400 ஏக்கர் நிலமும் சேர்ந்ததே ஆனைமலையின் பழைய ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு. நாங்கள் தங்கிய தோப்பு அந்த ஐந்தில் ஒரு வாய்க்காலைச் சேர்ந்தது. ஊரைச் சுற்றி இன்னும் நெல் வயல்கள் இருப்பதற்கும் இந்த வாய்க்கால்களே காரணம். இங்கே தண்ணீர் பாய்ச்சிவிட்டு மேற்கே திரும்பும் ஆழியாறு கேரளத்திற்குள் போய்ப் பாரதப்புழையோடு சேர்கிறது. தமிழ்நாட்டு ஆறு கிழக்கேதான் போகும் என்று எண்ணியிருந்த எனக்கு இது புதிது. அதைவிடப் புதிய செய்தி அடுத்த நாள் காத்திருந்தது.

புதன்கிழமை டாப்சிலிப்பும் பரம்பிக்குளமும். சேத்துமடைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டி, நெகிழிப் புட்டிகளைக் கொடுத்துவிட்டு மலையேறினோம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிச் சமவெளிக்கு இறக்கிய உச்சி என்பதால் டாப்சிலிப் என்று பெயர். கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் போன மரங்கள் அவை. இருந்ததையெல்லாம் வெட்டித் தீர்த்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வந்தார். மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி, அதிலிருந்து மறுபடி துளிர்க்கவைக்கும் முறையை அவர் கடைப்பிடித்தார். நடந்து போகும் வழியெல்லாம் கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே போவார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1933-ல் இறந்த அவரை, அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் இருக்கும் இலத்தீன் வாசகத்தின் பொருள், என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயானால் சுற்றிலும் பார் என்பதாகும்.

கோழிகமுத்தி யானை முகாமும் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. மலசர் பழங்குடியைச் சேர்ந்த பாகன்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே யானை பழக்குகிறார்கள். ஊருக்குள் வந்த காட்டு யானைகளைப் பிடிக்கும் எத்தனையோ பணிகளில் முன்னே நின்ற கலீம் என்ற கும்கி யானை, 2023-ல் அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் வரிசையில் நின்று மரியாதை செய்தார்கள். அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்திருந்த மகள், கலீமைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். நாங்கள் போன நேரத்தில் பார்க்க வாய்க்கவில்லை. காட்டுக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளிடம் விலங்குகளைப் பற்றி முன்கூட்டியே வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது; அன்று நான் ஒரு மணி நேரம் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அழுகையை நிறுத்தியது நானல்ல, சாலையோரம் மூங்கில் மறைவில் நின்ற காட்டுமாடுதான். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நின்று, எங்களை ஒரு பொருட்டாகக் கருதாமல் மென்றுகொண்டிருந்தது.

பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்த புலிகள் காப்பகம். ஆனால் அதற்குள் போகச் சாலை தமிழ்நாட்டின் டாப்சிலிப் வழியாக மட்டுமே. எல்லையில் கேரள வனத்துறையின் சிற்றுந்தில் மாறி ஏறினோம். முதலில் கன்னிமாரா தேக்கு. அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய ஏழு மீட்டர். எங்கள் வண்டியில் வந்தவர்களில் ஐந்து பேர் கைகோத்த பிறகே வட்டம் மூடியது. வெட்டப் போனபோது இரத்தம் கசிந்ததாகவும், அதனால் கன்னித் தெய்வமாக்கிக் கோடரியை விலக்கிவிட்டதாகவும் பழங்குடி மக்கள் சொல்லும் கதையை வழிகாட்டி மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார்.

அடுத்துத் தூணக்கடவு, அப்புறம் பரம்பிக்குளம் அணை. அம்மா விழித்துக்கொண்டது இங்கேதான். இந்த அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் அவற்றை இயக்குவது தமிழ்நாடு. மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கும் ஆறுகளின் நீரை மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்புவதே பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். சோலையாற்று நீர் பரம்பிக்குளத்திற்கு வருகிறது. அங்கிருந்து தூணக்கடவுக்கும், சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையத்திற்கும் இறங்குகிறது. அதன் பிறகு மலையின் இடுப்பைச் சுற்றி 49 கிலோமீட்டர் போகும் காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்குச் செல்கிறது. ஒரு பகுதி ஆழியாறு அணைக்கும் வருகிறது. இரு மாநிலங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி, 1958-லிருந்தே நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று சங்கிலி அறுந்து விழுந்து, பல நாட்கள் தண்ணீர் கேரளப் பக்கம் பாய்ந்த நிகழ்வைப் பக்கத்து இருக்கைக்காரர் நினைவுபடுத்தினார். "அப்போ அந்தத் தோப்புக்கு வர்ற தண்ணியிலே இந்தத் தண்ணியும் இருக்கா?" என்று அம்மா கேட்டார். ஆற்றின் வழியே அந்த ஊர்த் தண்ணீர் கேரளத்திற்கும், மலையின் வயிற்றைத் துளைத்து இந்த மலைத் தண்ணீர் அந்த ஊருக்கும் போகும் கணக்கை அவருக்கு விளக்கும்போதுதான் எனக்கே அது சரியாகப் பிடிபட்டது.

அன்று இரவு தோட்டத்துக்காரரின் மனைவி, இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழிந்து, தேங்காய்ப் பாலும் எள்ளுப் பொடியும் வைத்தார். புரட்டாசி என்பதால் அந்த வீட்டில் அந்த மாதம் கவுச்சி சமைப்பதில்லை. கொங்கு நாட்டுக் கோழிக் குழம்பை எண்ணி வந்த எனக்கு மட்டும் அது சிறு ஏமாற்றம். பச்சைப்பயறு கடைசலும் கொள்ளு ரசமும் ஈடுசெய்தன என்று எழுதுவதுதான் முறை, முழுவதும் ஈடுசெய்யவில்லை.

வியாழக்கிழமை வால்பாறை. "மலைக்குப் போறதுன்னா வெள்ளனக் கெளம்பிப் பொழுதோட எறங்கிருங்க தம்பி" என்று தோட்டத்துக்காரர் சொல்லியிருந்ததால் ஆறு மணிக்கே புறப்பட்டோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். அதில் ஆழியாற்றைத் தாண்டியதும் தொடங்கும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு அணை 120 அடி கொண்டது; நாங்கள் பார்த்த அன்று நிறைந்தே இருந்தது. அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் குரங்கு அருவி. அண்மைக் காலமாக அதற்குக் கவியருவி என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். புலவரை நினைத்து வைத்த பெயர் என்றே பலரும் கருதக்கூடும். பழந்தமிழில் கவி என்பதற்குக் குரங்கு என்றும் பொருள் உண்டு என்பதால், பெயரை மாற்றியும் மாற்றாமல் விட்ட சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருந்தது. மகளும் மனைவியும் குளித்தார்கள். வழுக்கும் பாறையைப் பார்த்துவிட்டு அம்மா படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பு அருவியின் பெயருக்கு உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஒன்பதாவது வளைவில் லோம் காட்சி முனை. இந்தப் பாதையை அமைத்த பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் இடம். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் தெரிந்தது. அதற்கு அப்பால் சமவெளியெங்கும் தென்னை. எந்தப் புள்ளி நம் தோப்பு என்று நால்வரும் நான்கு திசையைக் காட்டினோம். சாலைத் தடுப்புச் சுவரின் மேலேயே ஒரு வரையாடு குட்டியோடு நின்றது. தமிழ்நாட்டின் மாநில விலங்கைப் பார்க்க இவ்வளவு எளிதான இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அந்த எளிமையே அதற்கு ஆபத்து. வண்டியை நிறுத்தி முறுக்கு நீட்டியவர்களும் அங்கே இருந்தார்கள்.

அட்டகட்டியைத் தாண்டிய பின் காற்று குளிர்ந்து, காடு தேயிலைக்கு இடம் விட்டது. கண்ணுக்கு எட்டியவரை சீவிவிட்டதுபோல் தேயிலை. ஊடே அங்கங்கே தீவுகளாக மிஞ்சிய சோலைகள். வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளைக் கண்டோம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத இனம், மின்கம்பியிலும் வீட்டுக் கூரையிலும் சாதாரணமாகத் திரிந்தது. சாலையைக் கடக்கும்போது அடிபடாமலிருக்க மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய்க் குரங்கு அதன் வழியே போவதற்காகப் பத்து நிமிடம் காத்திருந்தோம். அது கடைசியில் சாலையிலேயே இறங்கி நடந்தது.

அங்கிருந்து மேலும் 20 கிலோமீட்டர் போய் மேல் சோலையாறு அணையைப் பார்த்தோம். என் பட்டியலில் அது இல்லை. அம்மாவுக்காகத்தான் போனோம். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே நீர் விரிந்து கிடந்தது. மேகம் இறங்கி மறுகரையை மறைத்திருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் செய்வதுபோல என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புல்லில் வெறுங்காலோடு நின்றதற்குக் கூலியாக இரண்டு அட்டைகள் அவர் காலில் ஏறியிருந்ததைக் காரில் ஏறிய பிறகே பார்த்தோம். உப்பு வைத்ததும் விழுந்துவிட்டன. இரத்தம் நிற்கத்தான் நேரமாயிற்று.

இறங்கும்போது தவறு என்னுடையது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்ததில், பாதி மலையில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். அருகிலிருந்த டீக்கடைக்காரர் எழுந்துகூட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எந்தக் கியருல ஏறுனீங்களோ அதே கியருல எறங்கோணுங்க" என்றார். அரை மணி நேரம் சக்கரம் ஆறும்வரை அவர் கடையிலேயே இருந்து, நான்கு டீக்குப் பதில் எட்டு டீ குடித்தோம். அதன் பிறகு இரண்டாவது கியரிலேயே இறங்கி, இருட்டுவதற்குள் தோப்புக்கு வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமைக்குத் திருமூர்த்திமலை என்று எழுதியிருந்தேன். அமணலிங்கேசுவரர் கோயில், பஞ்சலிங்க அருவி, காண்டூர் கால்வாய் போய் முடியும் அணை என்று நம் இழைக்குப் பொருத்தமான இடம்தான். ஆனால் காலை ஏழு மணிக்கே தோட்டத்துக்காரர் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். அம்மா அதற்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தார். அடைத்த மண்ணைத் தோட்டத்துக்காரர் வெட்டி இழுத்ததும் தண்ணீர் முதலில் தயங்கி, காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. சொட்டுநீர்க் குழாய் போட்ட பகுதிக்கு இது வேண்டாம். பழைய மரங்களுக்கு மட்டும் இன்னும் வட்டப்பாத்திதான். ஒரு பாத்தி நிறைந்ததும் அதை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். மூன்றாவது மரத்தில் அம்மா மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார். "வேண்டாமுங்க அம்மா, சறுக்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முழங்கால் வலியைப் பற்றி மூன்று நாட்களாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டே வெட்டில் கரையைச் சரியாக உடைத்துத் தண்ணீரைத் திருப்பினார். மகள் பாத்திக்குள் உட்கார்ந்தே விட்டாள்.

இரண்டு மணிக்கு மேல்தோட்டத்திலிருந்து ஓர் ஆள் மிதிவண்டியில் வந்து, முறை முடிந்தது என்று சொன்னார். தோட்டத்துக்காரர் மறுபேச்சில்லாமல் மடையை அடைத்தார். கடைசி வரிசையில் ஆறு மரங்களுக்கு மட்டும் தண்ணீர் எட்டவில்லை. அதை அம்மா இருமுறை எண்ணிச் சொன்னார். அடுத்த முறை அந்த ஆறிலிருந்து தொடங்குவதாகத் தோட்டத்துக்காரர் ஒப்புக்கொண்ட பிறகே, நாங்கள் பைகளை எடுத்துக் காரில் வைத்தோம்.